சோதனை எது, தடை எது? ஆட்டம் வடிவமைப்பவர்களிடமிருந்து பாடம் வடிவமைப்பவர்கள் கற்க வேண்டியது

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. கைப்பேசி வழியாக அடையாளத்தைச் சரிபார்க்கும்போது, "கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்" என்று செயலி கேட்கும். அமில வீச்சில் கண்ணிமை சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. பார்வையற்றவர்களுக்கோ முகத்தைத் திரையில் தெரியும் வட்டத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. இவர்கள் தொடுத்த வழக்குகளில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அறிவித்து, 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது.

வங்கிச் செயலிக்கு இது பொருந்துமென்றால் பாடம் நடத்தும் செயலிக்கு? இணையத் தேர்வுக்கு? பள்ளியில் குழந்தை கையில் கொடுக்கும் பயிற்சித்தாளுக்கு? சென்னையில் இணையப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்களும், சொந்தமாக வினாடி வினா செய்து வகுப்புக் குழுவில் அனுப்பும் ஆசிரியர்களும் ஏராளம். "அணுகல்தன்மை என்றால் எழுத்தைப் பெரிதாக்குவது, விளையாட்டு வழிக் கல்வி என்றால் பதக்கம் கொடுப்பது" என்ற புரிதல்தான் அவர்களில் பலரிடம் இருக்கிறது. இரண்டுமே போதாது. இந்த இரண்டு துறைகளும் சேரும் புள்ளி வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் கண் சிமிட்டலிலேயே அது தெரிகிறது. செயலி அறிய விரும்பியது ஒன்றே ஒன்று: எதிரில் இருப்பது உயிருள்ள ஆளா, காட்டப்படும் புகைப்படமா? அதை அறிய உள்ள பல வழிகளில் சிமிட்டுவதும் ஒன்று. அதையே ஒரே வழியாக வைத்ததால், உயிரோடு எதிரில் இருப்பவரையே செயலி நிராகரித்தது. சோதிக்க நினைத்தது எதை, தடுத்தது யாரை என்ற கேள்வியை அதைச் செய்தவர்கள் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நல்ல ஆட்டம் வடிவமைப்பவர்கள் வேலையை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலில் சில சொற்கள்

1. கற்பித்தல் வடிவமைப்பு: மாணவர் எதைக் கற்க வேண்டும், எந்த வரிசையில், எந்தப் பயிற்சியோடு, கற்றுவிட்டார் என்பதை எப்படி அறிவது என்று திட்டமிடும் வேலை. பாடநூல், பயிற்சித்தாள், காணொளி, செயலி எல்லாம் இதில் அடக்கம்.

2. அணுகல்தன்மை: பார்வை, செவி, கை கால் அசைவு, கவனம், வாசிப்பு ஆகியவற்றில் வேறுபாடு உள்ளவரும் அதே பாடத்தை அதே மதிப்போடு கற்க முடிவது.

3. ஆட்ட வடிவமைப்பு: விதிகளை அமைப்பது. அந்த விதிகளோடு மனிதர் மோதும்போது ஆட்டம் ஒரு போக்கில் நகர்கிறது, அந்தப் போக்கு ஆடுபவர் மனதில் ஒரு உணர்வை எழுப்புகிறது. விதி, போக்கு, உணர்வு என்ற இந்த மூன்றடுக்குச் சட்டகத்தை ஹூனிக்கே, லெபிளாங்க், ஜுபெக் மூவரும் 2004-இல் கட்டுரையாக எழுதினார்கள். வடிவமைப்பவர் கையில் இருப்பது முதல் அடுக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் ஆடுபவரிடம் நிகழ்பவை.

4. கேமிஃபிகேஷன்: ஏற்கெனவே இருக்கும் பாடத்தின் மேல் புள்ளி, பதக்கம், தரவரிசைப் பட்டியல் ஆகியவற்றை ஒட்டுவது. இதற்குள்ளும் நல்லது உண்டு. ஆனால் பாடத்தின் விதிகளைத் தொடாமல் மேலே பூசும் வேலைக்கு ஆட்ட வடிவமைப்பு என்று பெயர் கிடையாது.

பல்லாங்குழியும் ஒப்புக்குச் சப்பாணியும்

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு 7 என 14 குழிகள். சோழியோ புளியங்கொட்டையோ எடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழியில் எத்தனை இருக்கிறது என்பதைக் கண்ணாலும் அறியலாம், விரலாலும் அறியலாம், காய் விழும் சத்தத்தைக் கேட்டும் எண்ணலாம். பார்வையற்ற பாட்டியும் பார்வையுள்ள பேத்தியும் ஒரே பலகையில், ஒரே விதியில், விட்டுக்கொடுக்காமல் ஆட முடியும். "எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும்" என்ற கணக்குதான் ஆட்டத்தின் கஷ்டம், அது மனதில் இருக்கிறது. பலகையில் எந்தக் கஷ்டமும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் தெருக்களில் உண்டு. ஓடி ஆட முடியாத சின்னக் குழந்தையை, அழக்கூடாதே என்று "ஒப்புக்குச் சப்பாணி"யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் குழந்தை ஓடும், தொடும், அவுட் ஆகும், எதுவுமே கணக்கில் வராது. சப்பாணி என்பது நடக்க முடியாதவரைக் குறித்துவந்த, இன்று யாரும் சொல்லக் கூசும் சொல். ஆட்டத்தில் இருந்தும் ஆட்டக்காரர் ஆகாத நிலைக்கு அந்தச் சொல்லையே வைத்திருக்கிறோம். உடன் சேர்த்துக் கற்பிப்பதாகச் சொல்லும் வகுப்பறைகளில் எல்லாக் குழந்தைகளும் அறிவியல் சோதனை செய்யும்போது ஒரு குழந்தையை மட்டும் "நீ பார்த்துக்கொண்டிரு" என்று உட்காரவைப்பதும், மற்றவர்களுக்குக் கணக்கும் அந்தக் குழந்தைக்கு வண்ணம் தீட்டுவதும் இதே ஏற்பாடுதான். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பாடத்தில் இருக்காது.

குழந்தைகளிடமே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மெதுவாக ஓடுபவனுக்குப் பத்தடி முன்னால் கோடு போடுவார்கள். அங்கிருந்து ஓடி அவன் ஜெயித்தால் அது ஜெயித்ததுதான். விதி மாறியது, கணக்கு மாறவில்லை. அணுகத்தக்க பாடத்துக்கு வேண்டிய மொத்த அறிவும் அந்தக் கோட்டில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்டம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் முதல் கட்டத்தில் எழுத்தில் ஒரு அறிவுறுத்தலும் கிடையாது. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெட்டவெளி. எனவே ஆடுபவர் வலப்பக்கம் நகர்கிறார். எதிரே ஒரு சிறிய எதிரி நடந்து வருகிறது. மோதினால் தோல்வி, ஆனால் இழப்பது சில வினாடிகள்தான். மறுமுறை குதித்துத் தாண்டுகிறார். குதித்ததில் தலைக்கு மேலே உள்ள கட்டியில் இடித்து, அதிலிருந்து ஏதோ வருவதையும் கண்டுகொள்கிறார். ஒரு நிமிடத்துக்குள் ஆட்டத்தின் அடிப்படை கைக்கு வந்துவிடுகிறது.

இங்கே மூன்று முடிவுகள் வேலை செய்கின்றன:

1. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய விஷயம். அது பழகிய பிறகே அடுத்தது.
2. தவறுக்கு விலை குறைவு. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம்.
3. செய்ததன் விளைவு உடனே தெரிகிறது. சரியா தவறா என்று அறிய அடுத்த வாரம் விடைத்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சென்னைக்கு இதில் ஒரு முன்னோடி வரலாறு உண்டு. 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் கற்றல் ஏணி மாட்டப்பட்டது. ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையை எடுத்துக்கொள்ளும். காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை திரும்பி வந்ததும், விட்ட படியிலிருந்தே தொடரும். வீடியோ கேமில் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் இடம் செய்யும் அதே வேலை! பிறகு இது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்துப் பயிற்சி தருகிறது.

ஆனால் ஏணியும் அரும்பும் வேகத்தைத்தான் குழந்தைக்கு விட்டுக்கொடுத்தன. அட்டையும் பயிற்சி நூலும் பெரும்பாலும் அச்சில் இருப்பதால், கண் வழியே போக முடியாத குழந்தைக்கு ஏணியின் முதல் படியே எட்டாது. வேகத்தைப் போலவே புலனையும் விட்டுக்கொடுப்பது எப்படி என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

ஒரு கடலைமிட்டாய்ப் பாடம்

ஒரு கற்பனைப் பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பின்னம் கற்பிக்கும் செயலி. திரையில் 12 துண்டுகளாகக் கோடு போட்ட கடலைமிட்டாய்ப் பாளம். "இதில் 3/4 பங்கை டப்பாவில் போடு" என்று ஒரு குரல் சொல்கிறது. விரலால் துண்டுகளை இழுத்து டப்பாவில் விட வேண்டும். 30 வினாடி. சரியென்றால் டப்பா பச்சையாகும், தவறென்றால் சிவப்பாகும். மூன்று முறை தவறினால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். பார்க்க அழகாக இருக்கும், பெற்றோருக்கும் பிடிக்கும்.

இதில் சோதனை எது? 12-இல் நான்கில் மூன்று பங்கு 9 என்று கண்டுபிடிப்பது. அது மட்டுமே. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. இழுத்துவிடுதல். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு விரலை அழுத்தியபடியே நகர்த்துவது மிகக் கடினம். 9 என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும், ஏழாவது துண்டு வழியில் நழுவும். துண்டைத் தட்டினாலே டப்பாவுக்குப் போகும்படி செய்தால் கணக்கின் கடினம் ஒரு துளியும் குறையாது.

2. 30 வினாடி. வேகமாகக் கணக்கிடுவது பாடத்தின் நோக்கமா? இல்லையென்றால் கடிகாரம் எதற்கு? கேட்டதை மனதில் வாங்கிக் கணக்கிடக் கூடுதல் நேரம் எடுக்கும் குழந்தை விடைக்கு வருவதற்குள் நேரம் போய்விடும். கடிகாரத்தால் விறுவிறுப்பு வருகிறது என்பது உண்மைதான். அப்படியானால் விரும்புபவர் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

3. குரல் மட்டும். செவித்திறன் இல்லாத குழந்தைக்குக் கேள்வியே போய்ச் சேரவில்லை.

4. படம் மட்டும். பாளத்தின் படத்துக்குச் சொற்களில் விவரம் எழுதாவிட்டால் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் "படம், படம், படம்" என்று 12 முறை சொல்லும். "கடலைமிட்டாய், 12 துண்டு, டப்பாவில் 0" என்று சொன்னால் பார்வையற்ற குழந்தை ஆட்டத்துக்குள் வந்துவிடும். வகுப்பறையில் நிஜமான பாளத்தையே கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

5. பச்சை, சிவப்பு. நிறக்குறைபாடு உள்ளவர்கள் பலருக்கு இந்த இரண்டு நிறங்களும்தான் குழம்பும். நிறத்தோடு ஒரு குறியும், ஒரு சொல்லும், ஒரு சத்தமும் சேர்ந்தால் தீர்ந்தது.

6. முதலிலிருந்து தொடங்குதல். மாரியோ சில வினாடிகளை மட்டுமே எடுத்துக்கொண்டார், இந்தச் செயலி அரைமணி நேர உழைப்பை எடுத்துக்கொள்கிறது. உடற்குறையால் கூடுதலாகத் தவறுபவர் கூடுதலாகத் தண்டிக்கப்படுகிறார். இந்த வரிசையில் மிகக் கொடியது இதுதான் என்பேன். மற்றவை குழந்தையை ஒரு கேள்வியில் நிறுத்துகின்றன, இது "எனக்குக் கணக்கு வராது" என்று நம்பவைக்கிறது.

இந்த ஆறையும் மாற்றிய பிறகு ஒரு புது வசதி கிடைக்கிறது. இப்போது கணக்கைத் துணிந்து கடினமாக்கலாம். இரண்டு துண்டு உடைந்துபோனால்? டப்பாவில் ஏற்கெனவே ஆறிலொரு பங்கு இருந்தால்? தடைகளை எடுத்துவிட்டால் பாடம் நீர்த்துப்போகும் என்று அஞ்சுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தடையோடு போராடிச் செலவான சக்தி இப்போது பின்னத்துக்குக் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை: எது சோதனை, எது தடை என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். கையெழுத்துப் பயிற்சியில் எழுதுவதுதான் சோதனை, வரலாற்றுப் பாடத்தில் அதுவே தடை. எனவே இதற்கென்று நிரந்தரப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் "இதில் கடினமாக இருக்க வேண்டியது இது" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் பயிற்சியின் நோக்கமே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

விதியை ஆடுபவர் கையில் கொடுப்பது

2018-இல் வெளிவந்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டு மிகக் கடினமானது. அதில் உதவி முறை என்று ஒன்று உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பில்லாமல் ஏறலாம், அடிபடாமலும் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கதையின் முடிவுவரை போக முடியும். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் 60-க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள் இருந்தன. ஒலிக் குறிப்புகளை மட்டும் வைத்துப் பார்வையற்றவர்களும் அதை ஆடி முடிக்க முடிந்தது.

செலஸ்டில் இன்னொரு சின்னச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவி முறையைத் திறந்ததும் வரும் அறிமுக வாசகம், ஆட்டத்தின் கடினமே அதன் அனுபவத்துக்கு அவசியம், முதல்முறை இந்த உதவி இல்லாமல் ஆடுங்கள் என்ற பொருளில் முதலில் இருந்தது. மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்டபின், ஆட்டத்தின் விதிகளை உங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் திருத்தி எழுதினார்கள். வசதி அதேதான், சொல் மட்டும் மாறியது. "எளிய முறை", "சிறப்புக் குழந்தைகளுக்கானது" என்று பொத்தானுக்குப் பெயர் வைத்தால் தேவைப்படும் குழந்தை அதைத் தொடவே தொடாது. "வேகம்", "குரல்", "எழுத்து அளவு" என்று வைத்தால் எல்லாக் குழந்தைகளும் திறந்து பார்க்கும்.

கல்வித் துறையிலிருந்தும் இதே இடத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய காஸ்ட் அமைப்பு உருவாக்கிய, கற்றலுக்கான அனைவருக்குமான வடிவமைப்பு, மூன்றைக் கேட்கிறது: ஈடுபடப் பல வழி, பாடத்தைப் பெறப் பல வழி, கற்றதை வெளிப்படுத்தப் பல வழி. இணையத்துக்கான சர்வதேச அணுகல் நெறிமுறையின், 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுப்பது இன்றியமையாத இடங்களைத் தவிர, இழுத்துவிடும் செயல்களுக்கு இழுக்காமலே செய்யும் மாற்று வழி வேண்டும் என்று சேர்த்தது. நேரக் கட்டுப்பாட்டை நிறுத்தவோ நீட்டிக்கவோ முடிய வேண்டும், நிறத்தால் மட்டும் எதையும் உணர்த்தக் கூடாது என்பவை அதில் முன்பிருந்தே உள்ளவை.

தமிழுக்கென்று உள்ள சிக்கல்கள்

பொதுவான நெறிமுறைகள் சொல்லாத சில இங்கே உண்டு.

முதலாவது எழுத்துரு. தமிழ் எழுத்துகளுக்கான கணினிக் குறியீட்டு முறைகளான யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்றது. ஆனாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பயிற்சித்தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. அந்த எழுத்துருவில் கண்ணுக்கு "அம்மா" என்று தெரிவது, கணினிக்கு ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் அதுகூடக் கிடைக்காது.

இரண்டாவது, வசன வரி போட்டால் செவித்திறன் குறைந்தோருக்குப் போதும் என்ற எண்ணம். பிறவியிலேயே கேட்காத, சைகை மொழியிலேயே வளர்ந்த குழந்தைக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது சைகைக் காணொளி. தேசியப் பாடநூல்களைச் சைகை மொழியில் கொண்டுவர 2020-இல் என்.சி.இ.ஆர்.டி. ஒப்பந்தம் செய்ததும் இதனால்தான்.

மூன்றாவது நமக்குச் சாதகமானது. கால், அரைக்கால், முக்கால் என்று பின்னத்துக்குப் பேச்சிலேயே பெயர் வைத்திருக்கும் மொழி இது. 3/4 என்ற குறியைத் திரைவாசிப்பான் எப்படிப் படிக்கும் என்று கவலைப்படுவதைவிட, "முக்கால் பங்கு" என்று எழுதிவிடலாம். முக்கால் கிலோ தக்காளி வாங்கிவரும் குழந்தைக்கு அது கடைவீதியிலிருந்தே தெரியும்.

பதக்கம் காயப்படுத்தும் இடம்

தரவரிசைப் பட்டியல் முதல் ஐந்து பேரை ஊக்குவிக்கும். கடைசி ஐந்து பேருக்கு அது தினமும் சுவரில் ஒட்டிய அவமானம். தொடர்ந்து வந்த நாள்களை எண்ணிப் பரிசு தரும் முறையும் அப்படித்தான். வாரத்தில் ஒரு நாள் சிகிச்சைக்கு மருத்துவமனை போகும் குழந்தையின் கணக்கு ஒவ்வொரு வாரமும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அம்மாவின் கைப்பேசி வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் படிக்க முடிகிற குழந்தைக்கும் இதே கதி. போட்டி வேண்டுமென்றால் நேற்றைய தன்னோடு போட்டி, அல்லது வகுப்பே சேர்ந்து எட்டும் ஒரு பொது இலக்கு. இரண்டையுமே ஆட்ட வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறார்கள்.

சட்டமும் தேர்வறையும்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. உடன் சேர்த்துக் கற்பிப்பது கல்வி நிலையங்களின் கடமை என்றும் அது சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர், அதுவும் பழைய, குறுகிய வரையறையின்படி.

பொதுத் தேர்வில் தமிழக அரசு கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தருகிறது, மொழிப்பாட விலக்கும் உண்டு. இவை அவசியம், எதுவும் குறையக் கூடாது. ஆனால் வருடம் முழுக்க அச்சிலும் கடிகாரத்திலும் தடுக்கப்பட்ட குழந்தைக்கு இறுதி நாளில் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவது, கடைசிக் கட்டத்தில் மட்டும் உதவி முறை உள்ள ஆட்டம். அந்தக் கட்டம்வரை எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள்?

ஆடவிட்டுப் பார்ப்பது

ஆட்டம் செய்பவர்கள் பாதி முடிந்த நிலையிலேயே அதை வேறொருவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கே தயங்குகிறார், எங்கே சலிக்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள். நம் பாடங்கள் பெரும்பாலும் வல்லுநர் குழு பார்த்ததும் அச்சுக்குப் போய்விடுகின்றன. கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யா சாகர் அமைப்பு, முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி என்று இந்தப் பட்டறிவு சென்னையிலும் அதைச் சுற்றியுமே குவிந்திருக்கிறது. பாடம் தயாரிப்பவர்கள் நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் அவர்களைச் சேர்க்காமல், முதல் வரைவின்போதே ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும்.

ஒருமுறை செய்துவிட்டால் முடிந்துவிடுவதும் இல்லை. மெரினாவில் சக்கர நாற்காலியில் அலைக்கு அருகே போக மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்தது, பிறகு சீரமைத்தார்கள். செயலிகளில் புயல்கூட வேண்டாம். புதிய பதிப்பில் ஒரு பொத்தானைப் படமாக மாற்றி, அதற்குப் பெயரிட மறந்தால் போதும், நேற்றுவரை படித்த குழந்தை இன்று வெளியே நிற்கும். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது: ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பாடத்தின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் கேள்விக்குப் போக முடிகிறதா?